சோத்துக்கைப் பக்கம்

நேசமலரின் விளையாட்டுப் பெட்டி கொழும்பிலிருந்து முழுசாகத்தான் புறப்பட்டது. வவுனியாவில் லொறியிலிருந்து இறக்கியபோது அதற்குக் கை இருக்கவில்லை.

அலுமாரி உயரத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு ரீவி. காசுக்குற்றியைப் போட்டால் திரையில் இரண்டு சண்டைக்காரர் வந்து ஒருவரையொருவர் உதைப்பார்கள். வெளியே நிற்கிற இரண்டு பேர் அவர்களை ஆட்டுவிப்பதற்காக ரீவிக்குக் கீழே ஒரு பலகை. அதில் ஆளுக்கு ஒரு பிடி, மூன்று பொத்தான். பலகையின் பின்பக்கம் வயர்கள் இடியப்பம் போலக் கிடக்கும். வயரும் பொத்தானும் சுருள்கம்பியும் ஒரே பலகையில் இருந்தால், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் நிற்கிறவன் என்ன நினைப்பான் என்பதைப் பெட்டியை விற்ற கொழும்பு முதலாளி யோசிக்கவில்லை. விற்று முடித்தவன் யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

“பெட்டியை விட்டிட்டாங்கள் அக்கா,” என்றான் லொறிக்காரன். “பலகையை மட்டும் வெட்டி எடுத்திட்டாங்கள். இதை அமத்தினா என்ன நடக்கும் எண்டு கேட்டவங்கள். சண்டைக்காரன் உதைப்பான் எண்டனான். எந்தச் சண்டைக்காரன் எண்டு கேட்டாங்கள். அதோட நான் வாயை மூடிட்டன்.”

நேசமலர் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரமிருக்கவில்லை.

முரசுமோட்டையில் வயலும் வீடும் இருந்தவள். இடம்பெயர்ந்து வந்து ஒரு வருஷத்துக்கு மேல் முகாமில், மண்டபத்துக்கு நடுவே சேலை கட்டிப் பிரித்த ‘அறை’யில் கிடந்தாள். பிறகு கடைத்தெருவில் அரைக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சோடாவும் பழரசமும் விற்கிற கூல்பார் போட்டாள். கடை இருந்ததால் ஊருக்குள் தங்க இராணுவத்தின் பாஸ் கிடைத்தது. பாஸ் இருந்ததால் கதவுள்ள அறையொன்றில் படுக்க முடிந்தது. கடை போனால் பாஸ் போகும். பாஸ் போனால் மறுபடியும் அந்தச் சேலை.

கடையை அவளிடமிருந்து எடுக்க விரும்பியவர் அப்புத்துரை. கடைக்காரர் என்று ஊர் சொல்வது அவரைத்தான். உண்மையில் அது அவர் மனைவி தங்கம்மா சீதனமாகக் கொண்டுவந்த கடை. உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்தான். ஆனால் தங்கம்மா வாய் திறப்பதில்லை, அப்புத்துரை வாய் மூடுவதில்லை. ஆகவே கடை அவருடையதாகிவிட்டது. அவருடைய ஒரே மருமகன் பரமேஸ்வரன் கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தான். ‘கொமினிக்கேசன்’ போடப்போகிறானாம். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற ஊரில் ரெலிபோன் கடை படுக்காது.

அப்புத்துரை ‘எழும்பு’ என்று சொல்லுகிற சாதியல்ல. அப்படிச் சொன்னால் மற்றவன் ‘ஏன்’ என்று கேட்பான். கேள்வி வந்தால் பேரம் வரும். அவர் ஒவ்வொரு காலையும் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

“தங்கச்சி, உம்மட கடையில சனத்தைக் காணேல்லை. எனக்குக் கவலையாக் கிடக்கு.”

“விளையாட்டுப் பெட்டி வருதண்ணை. வந்தாச் சனம் வரும்.”

“வரட்டும். பொங்கலுக்குள்ள சனத்தைக் காட்டும். இல்லாட்டி நான் என்ன செய்யிறது, நீரே சொல்லும்.”

பெட்டி வந்தது. கை வரவில்லை. பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை.

*

மூக்கனைக் கூப்பிட்டார்கள். மூக்கன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாவுக்கு வெளியே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தவன். தையல் மெசின், ரேடியோ, குடை, பெற்றோல்மக்ஸ் எல்லாம் திருத்துவான். ‘தெரியாது’ என்ற சொல்லைத் தன் தொழிலுக்கு ஆகாதது என்று ஒதுக்கி வைத்திருந்தான். வாடிக்கையாளரிடம் ‘ஓம்’ சொன்ன பிறகுதான் அது என்ன சாமான் என்று திரும்பிப் பார்ப்பான்.

“இது என்னங்க பெரிய வேல? கொழும்புல நாலு பொட்டிக்கு நான்தாங்க கைவெச்சேன்,” என்றான்.

“நீ எப்ப கொழும்புக்குப் போனனீ?” என்று ஒரு குரல் கேட்டது.

குரல் கடைக்குள்ளிருந்த ஒரே கதிரையிலிருந்து வந்தது. தங்கம்மா. அவள் வாய் திறக்காதது புருஷனுக்கு முன்னால் மட்டும்தான். வீட்டு முன்அறையில் இருந்த ஒரே ஃபானுக்குக் கீழே அப்புத்துரை தன் தொப்பையில் பேப்பரை விரித்துச் சாய்ந்து கிடப்பார். அதனால் மத்தியானங்களில் தங்கம்மா கூல்பாருக்கு வந்து, வலதுபக்கச் சுவரில் ஓடுகிற ஃபானுக்குக் கீழே கதிரையைப் போட்டு, ஒரு நெல்லிரசத்தை இரண்டு மணித்தியாலம் குடிப்பாள்.

“நான் போகலீங்க,” என்றான் மூக்கன். “பொட்டிதான் வந்திச்சு.”

பெட்டியின் பின்கதவைத் திறந்தான். வெட்டிய வயர்கள் ஒரு கட்டாகத் தொங்கின. எது எதற்கு என்று எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை. மூக்கன் கறுப்பு வயரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அதில் தொட்டுப் பார்த்தான். தொடத் தொடத் திரையில் சண்டைக்காரன் ஏதாவது செய்தான். மூக்கன் பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் திரை அவனுக்குத் தெரியாது. முன்னால் நின்று சொல்வது நேசமலரின் வேலை.

“இப்ப என்னங்க பண்றான்?”

“குந்தியிருக்கிறான்.”

“இப்ப?”

“பாயிறான்.”

“இப்ப?”

“ஒண்டும் செய்யேல்லை. சும்மா நிக்கிறான்.”

“கடைக்காரர் போல,” என்றாள் தங்கம்மா.

“இப்பங்க?”

“மற்றவன்ர வயித்தில குத்திறான்!”

“அந்த வயரை நல்லாப் பார்த்து வை மூக்கன்,” என்றாள் தங்கம்மா. “அது முக்கியம்.”

கண்டுபிடித்த ஒவ்வொரு வயருக்கும் பக்கத்துத் தையற்கடையில் வாங்கிய நூலை ஒவ்வொரு நிறத்தில் கட்டினான். குத்துக்குச் சிவப்பு, உதைக்குப் பச்சை. அன்றைக்குப் பொழுது சாயுமுன் இரண்டு சண்டைக்காரருக்கும் பூணூல், காப்பு எல்லாம் கட்டியாகிவிட்டது.

பலகைக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்து உடைத்த ஒரு வாங்கின் மேற்பலகை கிடைத்தது. பொத்தான்களுக்கு வீட்டு வாசலில் அமத்துகிற மணிச் சுவிட்சுகள். அமத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும், அவ்வளவுதானே வேண்டும் என்றான் மூக்கன். பிடிதான் கரைச்சல். கம்பி ஒன்றை நட்டு, அது நடுவுக்கே திரும்பி வரச் சைக்கிள் சீற்றின் சுருளைப் போட்டான். நாலு பக்கமும் கம்பி முட்டுவதற்குப் பித்தளைத் தகடு; பற்றரி கிடைக்காமல் சும்மா கிடந்த ரோச்லைற்றுகள் அந்தப் பித்தளையைக் கொடுத்தன. கம்பியின் தலையில் கைக்கு அடக்கமாக ஏதாவது வேண்டும். பம்பரம் ஒன்றின் ஆணியைப் பிடுங்கி, தலைகீழாகக் கம்பியில் இறுக்கினான். பிடித்துப் பார்த்த நேசமலர், கொழும்புக்காரன் வைத்திருந்ததைவிட இது நல்லது என்றாள். கொழும்புக்காரன் வைத்திருந்ததை அவளும் கண்டதில்லை.

பலகையில் துளை போடுவதற்கு முன் மூக்கன் தலையைச் சொறிந்தான். தெரியாது என்று சொல்லாமல் ஒன்றைக் கேட்பதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது.

“பிடிய எந்தப் பக்கம் வெக்கிறதுன்னு ஒங்க விருப்பங்க. ரெண்டு மாதிரியும் செய்வோம். சில பேர் இந்தப் பக்கம் கேப்பாங்க, சில பேர் அந்தப் பக்கம்.”

நேசமலர் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. வவுனியாவில் அந்தச் சாமானை முன்பின் கண்டவர் எவருமில்லை.

“இதில என்ன யோசினை?” என்றாள் தங்கம்மா. “பிடி சோத்துக்கைப் பக்கம் வரவேணும். ஆளை நடத்திறது அதுதானே? பீச்சாங்கையால ஆரும் ஆளை நடத்துவினமே? கடையில காசு வாங்கிறது எந்தக் கையால?”

“சோத்துக்கையால,” என்றாள் நேசமலர்.

“குடுக்கிறது?”

“அதுவும்.”

“பிறகென்ன. மற்றக்கை சும்மா பக்கத்தில நிண்டு அமத்திக்கொண்டிருக்கட்டும்.”

கடைத்தெருவில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. இடக்கையால் நீட்டிய காசை வாங்காமல் ஆளைத் திருப்பி அனுப்பிய கடைகள் உண்டு. ஆகவே உலகத்திலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் இடதுபக்கம் இருந்த பிடி வவுனியாவில் மட்டும் வலதுபக்கம் ஏறியது. பலகையின் நீளத்துக்கு ஆளுக்குப் பாதி: இடதுபக்கம் மூன்று பொத்தான், வலதுபக்கம் ஒரு பிடி, அதற்கு அடுத்த ஆளுக்கு மறுபடியும் மூன்று பொத்தான், ஒரு பிடி. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கலாம். வாங்குப் பலகை என்றால் இடிபடத்தான் வேண்டும்.

*

முதல் காசைத் தங்கம்மாவே போட்டாள். நாள் பார்த்து, பெட்டிக்குத் திருநீறு பூசி, சோத்துக்கையால் போட்டாள். திரையில் எட்டுச் சண்டைக்காரர் வரிசையாக நின்று ‘என்னை எடு’ என்றார்கள். தங்கம்மா அவர்களுக்குள் வயிறு முன்தள்ளி, பெரிய வண்டியோடு நின்ற ஒருவனை எடுத்தாள்.

“இவன் அசையமாட்டான் அக்கா,” என்றாள் நேசமலர். “கெதியானவன் ஒருத்தனை எடுங்கோ.”

“முப்பது வருஷமாப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஒருக்கா ஆட்டிப் பார்க்க ஆசை.”

சனம் வந்தது. ரியூசன் விட்ட பொடியள், ஓட்டோக்காரர், பஸ் வருமட்டும் காத்து நிற்கிறவர்கள். விளையாடுகிறவன் ஒருவன் என்றால் பின்னால் நின்று புத்தி சொல்லுகிறவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் சோடா குடித்தார்கள். நேசமலருக்கு லாபம் பெட்டியில் அல்ல, புத்திமதியில் வந்தது. பிடி எந்தப் பக்கம் என்று ஒருவனும் கேட்கவில்லை. தாய்மொழியை யாராவது பிழை என்று சொல்வார்களா?

பொடியள் வகுப்பில் இருக்கும் மத்தியானங்களில் பெட்டி தங்கம்மாவுக்கு. எப்போதும் ஃபான் இருக்கிற வலதுபக்கத்தில் நின்று, அதே வண்டிக்காரனை எடுத்து, யாரும் இல்லாவிட்டால் பெட்டியோடேயே மோதுவாள். வண்டிக்காரனால் பாய முடியாது, ஓட முடியாது. கிட்டப் போய் நின்றால் மட்டும் மற்றவனைத் தூக்கி நிலத்தில் அடிப்பான். கிட்டப் போவதற்குப் பொறுமை வேண்டும். அவளிடம் அது நிறைய மிச்சமிருந்தது.

பொங்கலுக்கு முதல் கிழமை அப்புத்துரை வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். தெரு தெரியவில்லை, நடுவில் சனம் நின்றது. பெருமூச்சு விட வழியில்லாமல் திரும்பிப் போனார். அடுத்த நாள் மத்தியானம் பரமேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பரமேஸ்வரன் பெட்டியைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் கிட்டப் போனான். பலகையில் கையை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“இது பிழை,” என்றான்.

“என்ன தம்பி பிழை?” என்றாள் நேசமலர்.

“முழுக்கப் பிழை. பிடி இடக்கைக்கு வரவேணும், பொத்தான் வலக்கைக்கு. கொழும்பு முழுக்க அப்பிடித்தான். உலகம் முழுக்க அப்பிடித்தான். எந்த விசரன் பிடியை இந்தப் பக்கம் வைக்கச் சொன்னவன்?”

மூக்கன் அன்றைக்குப் பொத்தான் ஒன்றை இறுக்க வந்திருந்தான். அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை. தங்கம்மா நெல்லிரசத்தில் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தாள்.

“கேட்டீரே தங்கச்சி,” என்றார் அப்புத்துரை, மிகுந்த கவலையோடு. “பிழையான சாமானை வைச்சுச் சனத்திட்டக் காசு வாங்கினால் நாளைக்கு ஆரைக் கேப்பினம்? கடைக்காரர் எண்டு என்னைத்தான் கேப்பினம். நான் பொங்கல் எண்டு சொன்னனான்தான். ஆனால் சரியான பெட்டிக்கெல்லோ சொன்னனான்.”

பேரத்தில் இப்படி ஓர் இடம் வரும். விலை படிந்து, பொருளைக் கட்டி, கையில் எடுக்கிற நேரத்தில் வாங்குகிறவன் ‘இதில ஒரு கீறல் கிடக்கே’ என்பான். அந்த இடத்தில் கீறலைப் பற்றிக் கதைக்கிறவன் தோற்பான். நேசமலர் கீறலைப் பற்றிக் கதைக்கவில்லை.

“தம்பி கொழும்பில நல்லா விளையாடுவாரோ?”

“விளையாடுவாரோ!” என்றார் அப்புத்துரை. “வெள்ளவத்தையில இவரோட நிக்க ஒருத்தரும் இல்லையாம்.”

“அப்ப இதில ஒருக்கா விளையாடட்டும் அண்ணை. மூண்டு ஆட்டத்தில இரண்டு வெண்டால் நான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடையை விடுறன். பொங்கல் வரைக்கும் நிக்கமாட்டன். தோத்தால் இனிமேல் கடையைப் பற்றிக் கதைக்கக் கூடாது.”

சொல்லும்போது அவள் குரல் சோடா விலை சொல்லுவதுபோலத்தான் இருந்தது. கை மட்டும் மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்தது.

“இந்தப் பலகையிலயோ?” என்றான் பரமேஸ்வரன்.

“ஐயாவுக்குப் பழக்கமில்லைன்னா வேணாங்க,” என்றான் மூக்கன் அன்பாக. “இது கொஞ்சம் கஷ்டமான பலகைங்க. எல்லாராலயும் முடியாது.”

“ஆரோட விளையாடிறது?”

“கடைக்குள்ள நிக்கிற ஆரோடையாவது,” என்றாள் நேசமலர்.

அப்புத்துரை கடையைச் சுற்றிப் பார்த்தார். நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார், பொடியள் வகுப்பில். மூக்கன் ஒருவன், நேசமலர் ஒருத்தி. மனைவியை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

“சரி,” என்றார். “சொன்னால் சொன்னதுதான்.”

“அண்ணை, மாறக்கூடாது.”

“அப்புத்துரை மாறினதாக் கடைத்தெருவில ஆரும் சொல்லுவினமோ?”

அப்படிச் சொல்லுகிறவர்கள் கடைத்தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். நேசமலர் அதைப் பொருட்படுத்தாமல் திரும்பினாள்.

“தங்கம்மாக்கா, எழும்புங்கோ.”

“இவவோ?” என்றார் அப்புத்துரை. “நிக்கிற ஆக்களெண்டுதானே சொன்னனீர்? இவ கதிரையில இருக்கிறா.”

“எழும்பினால் நிப்பா.”

தங்கம்மா எழும்பினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவன் இருக்கிற அறைக்குள் அவள் போவதில்லை, அவள் வருகிற ஒழுங்கையில் அவன் எதிரே வருவதில்லை. கலியாணம் முடிந்து நாலு வருஷம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது போட்டோவில் மட்டும்தான். அதிலும் நடுவில் மகள் நின்றாள்.

“நேசம்,” என்றாள் தங்கம்மா, “மருமேனை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லும். எனக்கு ஃபான் வேணும்.”

பரமேஸ்வரன் இடதுபக்கம் போய் நின்றான். வெள்ளவத்தைக் கைகளால் வவுனியாப் பலகையைப் பிடிப்பதற்கு அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கைகளை முன்னால் குறுக்கே போட்டான். வலக்கை இடப்பக்கத்துப் பொத்தான்களுக்கு வந்தது. இடக்கை நெஞ்சைத் தாண்டி வலப்பக்கத்துப் பிடிக்குப் போனது. குளிருக்குப் போர்வை இல்லாதவன் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் விரல்கள் விஷயம் தெரிந்த விரல்கள். முதல் ஆட்டத்தில் வண்டிக்காரன் கிட்டப் போகுமுன்னமே பாய்ந்து பாய்ந்து உதைத்து விழுத்திவிட்டான்.

அப்புத்துரை கதிரையில் உட்கார்ந்தார். நேசமலர் பார்க்கவில்லை, முகாமில் தன் சேலை எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்குக் கட்டியிருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

“கையைத் தள்ளி வைச்சிட்டன்,” என்றாள் தங்கம்மா பொதுவாக. “இப்ப பார்ப்பம்.”

அவள் ஒரு அடி கிட்ட வந்து பலகைக்கு நேரே நின்றாள். தன் பொத்தான்களின் மேல் இடக்கையைச் சரியாக வைத்தாள். கையில் ஆறு காப்பு. அந்தப் பொத்தான்களுக்கு அடுத்து நாலு விரற்கடையில் இருந்தது பரமேஸ்வரனின் பிடி. பிடியில் இருந்தது அவனுடைய இடக்கை.

அப்போதுதான் அவனுக்கு அது விளங்கியது. அவனுடைய சண்டைக்காரன் திரையில் இடதுபக்கம் நின்றான். முன்னேறுவதானால் பிடியை வலதுபக்கம் தள்ள வேண்டும். வலதுபக்கம் மாமியின் காப்பு. பிடியில் இருப்பதோ பீச்சாங்கை. கொழும்புப் பெட்டி என்றால் பிடி இடது ஓரத் தொங்கலில், மாமிக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்கும்.

ஒருமுறை தள்ளினான். காப்பு கிலுங்கியது. “ஐயோ மாமி, குறை நினையாதேங்கோ,” என்று கையை இழுத்தான். சண்டைக்காரன் பின்னால் போனான். வண்டிக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். மறுபடி தள்ளினான், முழங்கை மாமியின் பக்கம் துருத்தியது, அதை ஒடுக்கினான், ஒடுக்கியபோது மற்றக்கை பொத்தானிலிருந்து வழுவியது. வண்டிக்காரன் இன்னும் ஒரு அடி வந்தான். பின்னால் போக இனித் திரை இருக்கவில்லை. தங்கம்மா சிவப்பு நூல் கட்டியிருந்த வயரின் பொத்தானை அமத்தினாள். பிறகு தூக்கி நிலத்தில் அடித்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் பரமேஸ்வரன் கையைக் குறுக்கே போடாமல், நேராக வைத்து, வவுனியாக்காரன்போல் விளையாடப் பார்த்தான். சோத்துக்கையில் பிடி. அவனுடைய ஆள் குதிக்க வேண்டிய இடத்தில் குந்தினான், குந்த வேண்டிய இடத்தில் திரும்பி நின்றான். வண்டிக்காரன் அவசரப்படாமல் நடந்து வந்தான்.

ஆட்டம் முடிந்ததும் தங்கம்மா சேலைத் தலைப்பை எடுத்து விட்டாள்.

“விளையாட்டை வைச்சோ கடை விஷயம் தீர்க்கிறது?” என்றார் அப்புத்துரை. எழும்பிவிட்டிருந்தார்.

“சரி எண்டது நீங்கள்தானே,” என்றாள் தங்கம்மா. கடைத்தெருவில் அவளுடைய குரலை அப்புத்துரை கேட்டது அன்றைக்குத்தான். “கடை என்ர அப்பா எனக்கு எழுதினது. நேசம் இருக்கட்டும்.”

“அப்ப மருமகனுக்கு?”

“எங்கட முன்அறை ரோட்டைப் பார்த்துத்தானே கிடக்கு. ரெலிபோனை அங்க வைக்கட்டும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஃபானும் இருக்கு.”

பரமேஸ்வரன் தலையாட்டினான். அந்த அறை கடைத்தெருவைவிட நல்ல இடம் என்று அவனுக்கு முன்பே தெரியும். மாமாவிடம் கேட்கத்தான் துணிவு வரவில்லை.

*

பொங்கல் கழிந்து ரெலிபோன் வந்தது. முன்அறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து, வாங்கு போட்டு, சனம் வரிசையில் இருந்து பிள்ளைகளோடு கத்திக் கதைத்தது. நேசமலர் கடை விலாசத்தைக் காட்டிப் பாஸைப் புதுப்பித்தாள். மூக்கன் தன் சைக்கிளில் ‘கேம் பெட்டிகளுக்குக் கை வைக்கப்படும்’ என்று எழுதிக்கொண்டான். மாவட்டத்தில் வேறு பெட்டி இல்லாததால் அந்த விளம்பரத்தில் பொய் என்று எதுவும் இருக்கவில்லை.

பேப்பர் வாசிக்க இடமில்லாத அப்புத்துரை மத்தியானங்களில் கூல்பாருக்கு வரத் தொடங்கினார். கதிரை தங்கம்மாவுக்கு; ஆகவே நின்றுகொண்டு வாசித்தார். ஒருநாள் தங்கம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. கடையில் வேறு ஒருவரும் இல்லை. நேசமலர் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுப் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தாள். காசுக்குற்றி விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அண்ணை, பலகை சரியோ?”

பெட்டிக்குள் யாரோ யாரையோ உதைக்கிற சத்தம்.

“பிடி சரியான பக்கத்திலதான் கிடக்கு,” என்றார் அப்புத்துரை. “அந்த வண்டிக்காரன்தான் சொல்வழி கேக்கிறானில்லை.”